பக்கவாத்தியமா, பங்காளியா? ஜாஸும் ஸ்ட்ரிங் குவார்டெட்டும்

பாணி என்றால் என்ன என்று நம் ரசிகர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வானொலியில் ராகம் பாதி போவதற்குள், இது லால்குடி வில், இது பரூர் வில் என்று சொல்லிவிடுகிறவர்கள் போர்ட் பிளேரிலும் உண்டு. மெயின்லேண்டிலிருந்து கச்சேரிகள் அடிக்கடி கப்பலேறி வராத ஊரில் காதுக்கு இப்படிப் பழக்கம் ஏற்படத்தான் செய்யும். அந்தக் காதோடு இன்னொரு மரபையும் கேட்டுப் பார்க்கலாம்: ஜாஸ் இசையமைப்பாளர்கள் ஸ்ட்ரிங் குவார்டெட்டோடு சேர்ந்து செய்த இசை. இன்று அதில் முன்வரிசையில் இருப்பவர்களில் ஒருவரான விஜய் ஐயர் தமிழ்ப் பெற்றோரின் பிள்ளை. ஆகவே இதை நம் ரசிகர்களிடம் கொண்டுவர எனக்குக் கூச்சமில்லை.

குவார்டெட் என்பது இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ. தேவாலயப் பாடகர் குழு நான்கு குரலாகப் பிரிந்து பாடுவதைக் கார் நிக்கோபாரில் கேட்டவர்களுக்கு இதன் அமைப்பு சட்டென்று பிடிபடும். கண்டக்டர் கிடையாது. முதல் வயலின்காரர் மூச்சை இழுத்து வில்லை லேசாகத் தூக்குவார். மற்ற மூவரும் அந்த அசைவைப் பார்த்தே தொடங்குவார்கள். ஆனால் வாசிப்பதெல்லாம் தாளில் எழுதியது. 18ஆம் நூற்றாண்டில் ஹைடன் செம்மைப்படுத்தியதிலிருந்து வந்த ஒழுங்கு அது. ஜாஸ்காரரோ மேடையில் அந்தந்த நேரத்தில் கற்பனை செய்கிறவர். இந்த இருவரையும் எப்படிச் சேர்த்து உட்கார வைப்பது என்பதில்தான் பாணிகள் பிரிகின்றன.

இதை அளக்க ஒரு கோல் நம்மிடமே இருக்கிறது. பாடகர் தோடியை விஸ்தாரமாக ஆலாபனை செய்து முடிக்கிறார். அடுத்தது வயலின்காரரின் முறை. பாடகர் சொன்னதையே அவர் திருப்பிச் சொன்னால் சபை மரியாதைக்குத் தலையாட்டும். பாடகர் தொடாமல் விட்ட ஒரு பிடியை அவர் தொட்டுவிட்டால், பாடகரே திரும்பிப் பார்த்து 'பலே' என்பார். பக்கவாத்தியம் என்று பெயர் இருந்தாலும் அந்த இரண்டு நிமிடம் அவர் பங்காளி. ஜாஸோடு சேரும் குவார்டெட்டுக்கு அந்த இரண்டு நிமிடம் கிடைக்கிறதா என்பதே என் கேள்வி.

முதல் பாணியில் கிடைக்கவில்லை. 1949 நவம்பரில் சார்லி பார்க்கர் தந்தி வாத்தியங்களோடு பதிவு செய்த 'ஜஸ்ட் ஃப்ரெண்ட்ஸ்' மிகப் புகழ்பெற்றது. சாக்ஸபோன் பறக்கிறது. வயலின்கள் எழுதித் தந்த இனிமையைப் பின்னால் வாசித்துக்கொண்டிருக்கின்றன. கேட்க சுகம்தான். ஆனால் பார்க்கர் என்ன செய்தாலும் அவற்றிடமிருந்து பதில் வராது.

1962 டிசம்பரில் நியூயார்க் டவுன் ஹாலில் இன்னொரு சாக்ஸபோன்காரரான ஆர்னெட் கோல்மன் எதிர்த் திசையில் போனார். குவார்டெட்டுக்கென்றே தனியாக ஒரு உருப்படி எழுதி, அதில் தான் வாசிக்காமல் ஒதுங்கிக்கொண்டார். துணிச்சல்தான், என்றாலும் ஜாஸ்காரரும் குவார்டெட்டும் ஒரே உருப்படியில் சந்திக்கவில்லையே! அந்தச் சந்திப்பை 1980களில் நடத்திக் காட்டியவர் டிரம்ஸ் மேதை மாக்ஸ் ரோச். தன் ஜாஸ் நால்வரையும் அப்டவுன் ஸ்ட்ரிங் குவார்டெட்டையும் சேர்த்து 'டபுள் குவார்டெட்' என்றார். வியோலா வாசித்தது அவர் மகள் மாக்ஸின். தந்தி வாத்தியக்காரர்களும் ஜாஸின் லயத்தில் ஊறியிருக்க வேண்டும் என்ற தரம் இங்கே வலுப்பட்டது. 1973இல் டேவிட் ஹாரிங்டன் தொடங்கிய குரோனோஸ் குவார்டெட்டும் அதே 1980களில், ஜாஸ் பியானோ மேதை தெலோனியஸ் மாங்கின் பாடல்களை பாஸ் கலைஞர் ரான் கார்ட்டரோடு வாசித்தது. நேர்த்தி உண்டு, மாங்கின் குறும்பு குறைவு என்பது என் அபிப்பிராயம்.

இனி விஜய் ஐயர். 1971இல் நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனியில் பிறந்தவர். மூன்று வயதில் வயலின் தொடங்கிப் பதினைந்து ஆண்டுகள் மேற்கத்திய முறையில் முறையாகக் கற்றார். பெயர் வாங்கித் தந்த பியானோவையோ கேள்வி ஞானத்தில் தானே பழகிக்கொண்டார். யேல் பல்கலைக்கழகத்தில் கணிதமும் இயற்பியலும் படித்தவர். பின்னர் பெர்க்லியில் முனைவர் பட்டம் பெற்றது இசை உணர்வும் உடலும் பற்றிய ஆய்வுக்கு. 2013இல் மெக்கார்தர் விருது, அடுத்த ஆண்டு ஹார்வர்டில் பேராசிரியர் பதவி. பட்டியல் போதும். நமக்கு வேண்டியது, குவார்டெட்டுக்குள் உட்கார்ந்து வளர்ந்த கை அவருடையது என்பது. வில்லுக்கு எது இயல்பு, எது கஷ்டம் என்று அவர் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

ஈதெல் என்ற நியூயார்க் குவார்டெட்டுக்காக அவர் 2005இல் எழுதியது 'மியூடேஷன்ஸ்', பத்துப் பகுதிகள். 2014இல் இசிஎம் நிறுவனத்தின் இசைத்தட்டாக, தன் பியானோவையும் மின்னணு ஒலிகளையும் சேர்த்து வெளியிட்டார். ஒரு சிறு ஸ்வரக் கூட்டம் வருகிறது. திரும்ப வரும்போது ஒரு ஸ்வரம் தள்ளி நிற்கிறது. அடுத்த முறை காலம் சற்றே பிசகுகிறது. நம் வித்வான்கள் நிரவலில் ஒரே வரியை வைத்துக்கொண்டு செய்வதற்கு இது வெகு தூரமில்லை. சில இடங்களில் முடிவெடுக்கும் பொறுப்பை வாசிப்பவர்களிடமே விட்டுவிடுகிறார். என் கோலுக்கு இது சரியாக வருகிறது: எழுதிய இசை, ஆனால் நால்வரும் பதில் சொல்ல வேண்டிய இசை. ராகபாவத்தைத் தேடிப் போகிறவர்களுக்கு முதல் முறை வறட்சியாகத்தான் இருக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

சென்னையில் இதற்கு நேர் எதிரான ஒரு பாணி இருக்கிறது. இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' தொகுப்பில் (1986) வயலின் வாசித்த வி.எஸ். நரசிம்மன் அமைத்த மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்டெட், கீர்த்தனைகளை நான்கு வாத்தியங்களுக்குப் பிரித்து வாசிக்கிறது. இது ஜாஸ் அல்ல. ஆனாலும் ஒப்பிட்டுக் கேட்க வேண்டியது. ஹார்மனிக்கு ஸ்வரம் அசையாமல் நிற்க வேண்டும். கமகமோ நிற்க மறுப்பது. இரண்டையும் சமாதானப்படுத்த நரசிம்மன் பட்டிருக்கும் பாடு ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது. மனோதர்மத்துக்கு இடம் குறைந்துபோவதுதான் அதற்குக் கொடுக்கும் விலை.

புதிதாகக் கேட்கப் போகிறவர்கள் 'மியூடேஷன்ஸ்' இசையில் தொடங்க வேண்டாம். புரூக்ளின் ரைடர் குவார்டெட்டுக்காக 2012இல் ஐயர் எழுதிய 'டிக் த ஸே' கிடைத்தால் அதை முதலில் போடுங்கள். ஜேம்ஸ் பிரவுனின் தாளம் தூக்கலான ஃபங்க் இசையை மனத்தில் வைத்து எழுதியது. வீட்டில் மிருதங்கம் பழகும் பிள்ளை இருந்தால் பக்கத்தில் உட்கார வையுங்கள். ராகம் கேட்கிற பெரியவர்களைவிட அந்தப் பிள்ளைக்குத்தான் சீக்கிரம் பிடிக்கும்.