காலைக் கள்

கள்ளின் வயதை மணிக்கணக்கில்தான் சொல்ல வேண்டும். மலேசியாவின் கெர்லிங்கில் எங்களைச் சுற்றி இருப்பது ரப்பரும் செம்பனையும். நல்ல தென்னங்கள் வேண்டுமென்றால் கோல சிலாங்கூர் கரையோரத்துக்குப் போக வேண்டும். விடியுமுன் கிளம்பி, மரமேறி இறங்கும் நேரத்துக்கு மரத்தடியில் நின்றுவிடுவேன்.

விரியாத பாளையை இறுக்கிக் கட்டி, நாள்தோறும் மெல்லத் தட்டித் தட்டிப் பதமாக்குவார்கள். ஓங்கித் தட்டினால் உள்ளே பூ கன்றிவிடும். தட்டு குறைந்தால் சாறு ஊறாது. இதற்கு அளவுகோல் கிடையாது, கைதான் கணக்கு. ஊறத் தொடங்கியதும் காலையும் மாலையும் நுனியை மெல்லிசாகச் சீவ வேண்டும். சீவல் தடித்தால் பாளை சீக்கிரம் தீர்ந்துவிடும். அவ்வளவு உயரத்தில், ஒற்றைக் கையால் மட்டையைப் பிடித்துக்கொண்டு அதைச் சீவுகிறவரைக் கைவினைஞர் என்று சொல்ல நாம் ஏன் இவ்வளவு காலம் தயங்கினோம்?

சொட்டும் சாற்றில் ஏறக்குறைய 15 விழுக்காடு சர்க்கரை. முட்டியில் விழும்போதே நுரைக்கத் தொடங்கிவிடும். முதல் ஒரு மணி நேரம் இளநீரின் தம்பி போல இனிக்கும், நாக்கில் சுறுசுறுவென்று ஏறும். மூன்று நான்கு மணி நேரத்தில் இனிப்பும் புளிப்பும் சமமாக நிற்கும். முகர்ந்தால் பொங்கிய ஆப்ப மாவின் வாசம். நான் காத்திருப்பது இந்த வேளைக்குத்தான். சாயங்காலத்துக்குள் காரம் ஏறித் தொண்டையைப் பிடிக்கும். மறுநாள் அது காடி.

சில ஆண்டுகளுக்கு முன் நண்பர் ஒருவர் பிரான்சின் போயாக்கிலிருந்து ஒரு சிவப்பு ஒயின் கொண்டுவந்தார். 1855இல் பாரிஸ் கண்காட்சிக்காகத் தரம் பிரித்த பொர்தோ தோட்டங்களில் ஒன்றில் விளைந்தது. எங்கள் வெக்கைக்கு அரை மணி நேரம் குளிரவைத்துத்தான் ஊற்றினோம். முதல் மிடறிலேயே என் நாக்குக்கு அது பழகிய ருசியாகிவிட்டது: துவர்ப்பு. பாக்கு மென்றதும் கன்னம் உள்வாங்குமே, அதே இழுப்பு. திராட்சைத் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வருவது. ஆண்டுகள் போகப்போக மிருதுவாகும். அதன் பின்னால் ஓக் பீப்பாயின் புகை வாசம். எனக்கோ அது தோட்டத்துப் புகைக்கூடத்தில் தொங்கிய ரப்பர்த் தகடுகளின் வாசமாகவே வந்தது. கள்ளுக்கு அந்தத் துவர்ப்பு இல்லை. சாராயச் சத்தும் சொற்பம். தாங்கிப் பிடிக்க ஒன்றுமில்லாததால் அதற்கு ஒரே நாள் ஆயுள்.

கள்ளுக்காகப் பத்தாங் பெர்ஜுந்தை வழியாகப் போகும்போதெல்லாம் தென்னமரம் தோட்டத்தை நினைப்பேன். இந்நாட்டில் வணிக அளவில் செம்பனை முதலில் ஊன்றப்பட்டது 1917இல், தென்னையின் பெயர் கொண்ட அந்த மண்ணில்தான். ஊன்றியவர் ஆன்ரி ஃபோகோனியே, கோன்யாக் பிராந்தி வடிக்கும் பார்பெஸியூ பக்கத்துப் பிரெஞ்சுக்காரர். ‘மலேசி’ நாவலுக்காக 1930இல் கோன்கூர் பரிசு வாங்கியவரும் அவரே.

தோட்டத்துக் கள்ளுக்கடைகளை நான் கொண்டாட மாட்டேன். 1941இல் கிள்ளான் வட்டாரத் தமிழ்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது கள்ளுக்கடைகளை மூடச் சொன்னதும் அவர்கள் கோரிக்கைகளில் ஒன்று. அது நியாயமான கோரிக்கை. என் தாத்தா அப்படியொரு கடையில் நின்றது ருசிக்காக அல்ல, உடம்பு வலிக்கு. அவருக்குக் கிடைக்காத அந்த நிதானத்தோடுதான் நான் இன்று ஒரு மிடறை நாக்கில் நிறுத்திப் பார்க்கிறேன்.

போன மாதம் மரமேறி எனக்கு ஊற்ற முட்டியைச் சாய்த்தார். சாய்த்தவர் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து, ஓரமாக வைத்துவிட்டார்.

“இது வேணாம்ண்ணே. நேத்து முட்டிய சரியா கழுவல.”

எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அவர் அடுத்த மரத்துக்கு நடந்தார்.