ரிமோட் யார் கையில்?

'எதிர்காலம் இப்படித்தான் நாசமாப் போகப்போகுது' என்று ஒரு படம் பயமுறுத்தியது. அது சொன்ன எதிர்காலம் 2019. நாம் அந்த வருடத்தைத் தாண்டி வந்து காபி குடித்துக்கொண்டிருக்கிறோம். தேதி முடிந்த மாத்திரை மாதிரி அந்தப் படமும் இந்நேரம் காலாவதி ஆகியிருக்க வேண்டும் இல்லையா? ஆகவில்லை. இன்றைக்குப் பார்த்தாலும் வயிற்றைக் கலக்குகிறது. ஏன் என்பதுதான் இந்த வாரச் சங்கதி.

படம், 'அகிரா'. 1988 ஜூலை 16 அன்று ஜப்பானில் வெளியான அனிமேஷன் படம். இயக்கம், கட்சுஹிரோ ஒட்டோமோ. 1982 முதல் 1990 வரை 'யங் மேகஸின்' பத்திரிகையில் அவரே எழுதி வரைந்த மாங்காதான் மூலக்கதை. (மாங்கா என்றால் ஜப்பானியச் சித்திரக்கதை. ஊறுகாய் ஞாபகம் வந்தால் நான் பொறுப்பல்ல!) அனிமேஷன்தானே என்று வீட்டுக் குழந்தைகளைப் பக்கத்தில் உட்காரவைத்துவிடாதீர்கள். ரத்தம் தாராளமாக ஓடும்.

படம் வெளியான அதே தேதியில், டோக்கியோ ஒரே வெடிப்பில் அழிந்துபோவதாகக் கதை தொடங்குகிறது. உலகப்போர் வருகிறது, போகிறது. 31 வருடம் கழித்து டோக்கியோ விரிகுடாவில் 'நியோ டோக்கியோ' என்று புது நகரம். மேலே வானம் முட்டும் கட்டடங்கள். கீழே குப்பை, கலவரம், கண்ணீர்ப்புகை. நடுவில் 2020 ஒலிம்பிக்ஸுக்கு ஸ்டேடியம் கட்டுகிறார்கள். 'இன்னும் 147 நாள்' என்று ஒரு போர்டு. அதன் கீழே, 'ரத்து பண்ணித் தொலைங்கப்பா' என்கிற அர்த்தத்தில் ஒரு கிறுக்கல்.

நிஜத்திலும் 2020 ஒலிம்பிக்ஸ் டோக்கியோவுக்குத்தான் கிடைத்தது. கொரோனாவால் தள்ளிப்போய் 2021-ல் நடந்தது. உடனே ஒட்டோமோவைத் தீர்க்கதரிசியாக்கிக் கற்பூரம் காட்டினார்கள். என்னைக் கேட்டால் அது வெறும் தற்செயல். அவர் சரியாகப் பிடித்தது தேதியை அல்ல, பையன்களை.

கனேடா, டெட்சுவோ. பதினைந்து பதினாறு வயசு. ஆதரவற்றோர் விடுதியில் சின்ன வயதிலிருந்து சிநேகிதம். பெயருக்கு ஒரு தொழிற்பள்ளியில் படிப்பு. அங்கே வாத்தியார் கற்றுத்தரும் 'ஒழுக்கம்', வரிசையாக நிற்கவைத்து முகத்தில் ஆளுக்கொரு குத்து! ராத்திரியானால் பைக், போதை மாத்திரை, எதிர்கோஷ்டியோடு அடிதடி. இது கற்பனைச் சரக்கு இல்லை. 'போஸோஸோகு' என்கிற பைக் கும்பல்கள் ஜப்பானில் உச்சத்தில் இருந்த காலம் 1980-களின் தொடக்கம். போலீஸ் கணக்குப்படி சுமார் 40 ஆயிரம் பேர். ஒட்டோமோ அந்தப் பசங்களைத்தான் அப்படியே தூக்கி 2019-ல் இறக்கினார்.

கும்பலில் கனேடா தலைவன். டெட்சுவோ நோஞ்சான். கனேடாவின் சிவப்பு பைக்கில் ஆசையாக ஏறி உட்கார்ந்தால், 'இதெல்லாம் உனக்குத் தாங்காதுடா' என்று கிண்டல்தான் மிச்சம். இந்த டெட்சுவோ ஒருநாள் விபத்தில் சிக்க, ராணுவம் தூக்கிக்கொண்டு போய்ப் பரிசோதனை எலியாக்குகிறது. மண்டைக்குள் தூங்கிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று விழித்துக்கொள்கிறது. அவன் நினைத்தால் சுவர் பிளக்கிறது, ஆள் சாகிறான்.

இந்த இடத்தில் ஹாலிவுட் என்ன செய்யும்? பையன் திருந்துவான், ஊரைக் காப்பாற்றுவான். டெட்சுவோ என்ன செய்கிறான் தெரியுமா? மாத்திரை தேடிப் பழைய பாருக்குப் போகிறான். அங்கே கொலை. பிறகு ஒரு சிவப்புத் துணியைத் தோளில் போர்த்திக்கொள்கிறான். சூப்பர் ஹீரோ அங்கி! அதைவிடக் குரூரமான கேலி வேறு இல்லை.

அவனுடைய முதல் எதிரி ராணுவம்தானே என்பீர்கள். இல்லை, கனேடா! தன்னை ஒவ்வொரு தடவையும் காப்பாற்றிய நண்பன். அடித்தவனைக்கூட மறந்துவிடலாம், 'பாவம்' என்று பார்த்தவனை மறக்க முடியாது. உதவி உதவியாகப் பற்று எழுதி நிரம்பிப்போன கணக்கு அது. சக்தி வந்ததும் பையன் அதை ஒரே நாளில் தீர்க்கப் பார்க்கிறான். கடைசிச் சண்டையில் 'கனேடா' என்று பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான். இவனோ, 'சான்' சேர்த்துக் கூப்பிடச் சொல்லி அதட்டுகிறான். நம்ம ஊர் 'அண்ணே' மாதிரி. நகரமே இடிந்துகொண்டிருக்கும்போது இரண்டு பேருக்கும் பிரச்னை, யார் பெரியவன் என்பது! படத்தின் உயிர் எனக்கு இங்கேதான் இருக்கிறது. சக்தி டெட்சுவோவை மாற்றவே இல்லை. உள்ளே இருந்த காயத்துக்கு ஒலிபெருக்கி வைத்தது, அவ்வளவுதான்.

இன்னொரு விஷயம். மிட்சுட்டேரு யோகோயாமா 1956-ல் தொடங்கிய 'டெட்சுஜின் 28' என்ற சித்திரக்கதை ஜப்பானில் மகா பிரபலம். போர்க்காலத்தில் ராணுவம் உருவாக்கிய ராட்சத ரோபோவை ஒரு நல்ல பையன் ரிமோட்டில் ஆட்டிவைப்பான். பையன் பெயர்? ஷோட்டாரோ கனேடா! அதே பெயரைத்தான் ஒட்டோமோ தன் ரவுடிக்கு வைத்தார். அவருடைய கதையில் அகிராவின் பரிசோதனை எண்ணும் 28-தான். அந்தக் கதையில் ரிமோட் யார் கையில் என்பதுதான் கேள்வி. இங்கே ரிமோட்டே கிடையாது. கர்னல் தன்னிடம் இருப்பதாக நினைக்கிறார், விஞ்ஞானி தன்னிடம் என்கிறார். பையனோ தன்னிடம் என்கிறான். கடைசியில் உடம்பே அவன் பேச்சைக் கேட்காமல் வீங்கித் தெருவை அடைக்கிறது. அவனைப் பொறுக்கியாக வளரவிட்டதும் பெரியவர்கள்தான், ஆயுதமாக்கப் பார்த்ததும் அவர்கள்தான். அதற்காகப் படம் அவனுடைய கொலைகளுக்கு மன்னிப்பும் கொடுக்கவில்லை. இந்த நேர்மைக்கு ஒரு சல்யூட்.

குறை இல்லையா? இருக்கிறது. இரண்டாயிரம் பக்கங்களைத் தாண்டிய கதை, அதுவும் அப்போது முடிந்தேயிருக்காத கதை, இரண்டு மணி நேரத்துக்குள் திணிக்கப்பட்டிருக்கிறது. பின்பாதியில் யார் யாரை ஏன் சுடுகிறார்கள் என்று குழப்பம். அதைவிடப் பெரிய குறை, டெட்சுவோவின் தோழி கவோரி. அடிபடுவதற்கும் அழுவதற்கும் மட்டுமே வருகிறாள். வீங்கிக்கொண்டே போகும் அவன் சதைக்குள் நசுங்கிச் சாகிறாள். ஒரு பையனின் அவமானத்துக்கு இத்தனை ரீல் செலவு செய்த படம், அவளுக்கு ஒரு நிமிடம்கூட நின்று யோசிக்கவில்லை. அவளும் அதே நகரத்துப் பிள்ளைதானே?

சும்மா சொல்லக்கூடாது, வேலைப்பாடு அபாரம். 1,60,000-க்கும் மேற்பட்ட செல் தாள்கள் தீட்டியதாகச் சொல்கிறார்கள். வசனத்தை முதலில் பதிவு செய்துவிட்டு, அதற்குத் தகுந்தாற்போல உதட்டசைவு வரைந்திருக்கிறார்கள். இந்தோனேஷிய கமெலானும் மனிதக் குரல்களும் கலந்த இசை, இருட்டில் கேட்டால் மயிர்க்கூச்செறியும்.

பார்ப்பதானால் ஜப்பானிய மொழியிலேயே, சப்டைட்டிலோடு பாருங்கள். எல்லோரும் கடைசி வெடிப்புக்காகக் காத்திருப்பார்கள். நீங்கள் சக்தி வருவதற்கு முந்தைய முதல் சில காட்சிகளைக் கவனியுங்கள். ஒரு பையன், தன்னுடையதல்லாத பைக்கில் உட்கார்ந்து அதைத் தடவிப் பார்க்கிறான். பின்னால் வரும் வெடிப்புக்கெல்லாம் திரி அங்கேயே பற்றிவிடுகிறது.