எத்தனை மெகாபிக்சல்?

சேத்தியாத்தோப்பு குறுக்கு ரோட்டில் உரக்கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர், வாசலில் மொபெட் திருடுபோன இரவின் படத்தைக் காட்டினார். 8 மெகாபிக்சல் கேமரா. தெரு முழுவதும் தெரிகிறது; திருடனின் முகம் மட்டும் இழுபட்ட மங்கல்!

விளம்பரத் தாள்கள் மெகாபிக்சலையே அளவுகோலாக்குகின்றன. அது சரியா? கணக்கிட்டுப் பார்ப்போம். வழக்கமாகப் பொருத்தும் 2.8 மி.மீ. குவியத் தொலைவுள்ள லென்ஸ், 10 மீட்டர் தள்ளிச் சுமார் 20 மீட்டர் அகலக் காட்சியைப் பிடிக்கும். 2 மெகாபிக்சல் கேமராவின் குறுக்கே உள்ள 1920 படப்புள்ளிகள் அதில் பரவினால், 16 செ.மீ. அகல முகத்துக்குக் கிடைப்பவை 15. எட்டு மெகாபிக்சலில் புள்ளிகள் நான்கு மடங்கு. அகலவாக்கிலோ இரு மடங்குதான். ஆக, 30. முன்பின் அறியாதவரை அடையாளம் காணப் பன்னாட்டுத் தரநிலையின் 2014 பதிப்பு மீட்டருக்கு 250 புள்ளிகள் கேட்டது. முகத்துக்கு 40 என்க. லென்ஸை மட்டும் 6 மி.மீ. ஆக்கினால் மலிவான 2 மெகாபிக்சல் கருவியே 34 தந்துவிடும்! காட்சி 9 மீட்டராகக் குறுகும், உண்மைதான். கடைவாசலுக்கு அது போதாதா?

இரவில் இன்னும் மோசம். உணரியின் பரப்பு மாறாமல் புள்ளிகளை நான்கு மடங்காக்கினால், ஒவ்வொன்றிலும் விழும் ஒளி கால் பங்காகும். ஈடுகட்ட ஒளியை நெடுநேரம் வாங்க வேண்டும்; நடப்பவர் முகம் இழுபடும்.

இணையத்தில் சேரும் கேமராவானால் கடவுச்சொல்லையும் பாருங்கள். 2016இல் 'மிராய்' என்ற தீநிரல், ஆலையில் இட்ட கடவுச்சொல் மாற்றப்படாத கேமராக்களைக் கைப்பற்றிப் பெரிய இணையதளங்களை முடக்கியது. 2025 ஏப்ரல் முதல் இந்தியாவில் இதற்கான பாதுகாப்புச் சோதனை கட்டாயம். விளம்பரத் தாளில் அதைப் பற்றி ஒரு வரி உண்டா, தேடுங்கள்.

நண்பர் பழைய கேமராவைக் கழற்றவில்லை. கதவருகே, சற்றுத் தாழ்வாக, 6 மி.மீ. கருவி ஒன்றைச் சேர்த்திருக்கிறார்.