ஃபேனி பர்னிக்கு வந்தது புற்றுநோய்தானா?

ஆங்கில நாவலாசிரியை ஃபேனி பர்னி, 1812ல் பாரிஸிலிருந்து தன் அக்கா எஸ்தருக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். 1811 செப்டம்பர் 30 அன்று தன் வலது மார்பகத்தை அறுத்து எடுத்த கதை அது. மயக்க மருந்து கிடையாது. ஈதர் வர இன்னும் 35 வருஷம் இருந்தது. குடிக்கக் கொஞ்சம் ஒயின் கொடுத்தார்கள், அவ்வளவுதான். கத்தி பிடித்தவர் நெப்போலியனின் படை மருத்துவர் லாரே.

கடிதத்தின் பலம் ரத்தத்தில் இல்லை, அதற்கு முந்தைய நிமிஷங்களில் இருக்கிறது. வீட்டுக்குள் கறுப்பு உடையில் ஏழு ஆண்கள் வருகிறார்கள். முகத்தின் மேல் போட்ட கைக்குட்டை மெல்லியது, அதன் வழியே எல்லாம் தெரிகிறது. ஒரு விரல் காற்றில் கோடு போட்டு, வட்டமும் போடுகிறது. முழு மார்பகமும் போகப் போகிறது என்று அந்தச் சைகையில்தான் அவருக்குப் புரிகிறது! எழுந்து உட்கார்ந்து தானே மார்பைப் பிடித்துக்கொண்டு பேசப் பார்க்கிறார். கேட்டுவிட்டு மறுபடி படுக்க வைக்கிறார்கள். நோயாளிக்கு எதைச் சொல்ல வேண்டும், எப்போது சொல்ல வேண்டும் என்ற கேள்வியை இதைவிடக் கூர்மையாக எழுதிய பக்கங்களை நான் படித்ததில்லை.

ஆனால் இதை 'புற்றுநோயை வென்ற பெண்ணின் கதை' என்று பகிர்கிறார்கள் பாருங்க, அங்கேதான் எனக்குத் தகராறு. அறுவையின்போது அவருக்கு வயது 59. இறந்தது 1840ல், 87 வயதில். நடுவில் 28 வருஷம். லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் 1805 முதல் 1933 வரை சிகிச்சையே பெறாத 250 மார்பகப் புற்றுநோயாளிகளின் பதிவேடுகளை ஆராய்ந்து 1962ல் ஒரு கட்டுரை வந்தது. அறிகுறி தெரிந்ததிலிருந்து பாதிப்பேர் மூன்று வருஷத்துக்குள் இறந்திருந்தார்கள். பத்து வருஷம் தாண்டியவர்களும் சிலர் உண்டு. ஆக 28 வருஷம் என்பதை வைத்து கத்தி காப்பாற்றியது என்றும் சொல்லலாம், மெதுவாக வளரும் புற்று என்றும் சொல்லலாம், புற்றே இல்லை என்றும் சொல்லலாம். வெளியீடு ஒன்றுதான், உள்ளீடு மூன்றில் எதுவாகவும் இருக்கலாம்!

லாரேயின் மாணவர் எழுதிய பிரெஞ்சுக் குறிப்பு ஒன்றும் இருக்கிறது. கைமுட்டி அளவு புற்றுக்கட்டி, மார்புத் தசையோடு ஒட்டியிருந்தது என்கிறது. தசையோடு ஒட்டுவது புற்றின் அடையாளம்தான், இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் பழைய சீழ்க்கட்டியும் காசநோய்க் கட்டியும்கூட அப்படி ஒட்டிக்கொள்ளும். பர்னிக்கு முதலில் வந்தது வலி. மார்பகப் புற்று பெரும்பாலும் வலியில்லாத கட்டியாகத்தான் தொடங்கும். கட்டிகளின் திசுவை நுண்ணோக்கியில் பார்த்து யோகான்னஸ் முல்லர் புத்தகம் எழுதியதே 1838ல். 1811ல் லாரேயிடம் இருந்தது விரல்களும் அனுபவமும் மட்டும். புற்று என்பது அவருடைய நேர்மையான ஊகம்.

இன்றைக்கு அதே கட்டிக்கு மூன்று சோதனை: கையால் பார்ப்பது, ஸ்கேன் அல்லது மேமோகிராம், ஊசியால் திசு எடுத்து பயாப்ஸி. மூன்றும் ஒத்துப்போனால்தான் முடிவு. மார்பில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்று இல்லை. நீர்க்கட்டி தானாகவே மறையலாம். ஃபைப்ரோஅடினோமா என்று உறுதியானால் பல சமயம் வெட்டாமலே கவனித்து வரலாம். ஆனால் 'உறுதியானால்' என்ற சொல்லைச் சோதனை இல்லாமல் யாரும் சொல்ல முடியாது.

இருநூறு வருஷப் பழைய கடிதத்தைப் பற்றி இவ்வளவு சண்டை எதற்கு என்று கேட்கலாம். கஷாயம் குடித்தேன், மார்புக் கட்டி கரைந்துவிட்டது என்று குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரு செய்தி வருகிறது. சொல்கிற அத்தை பொய் சொல்லவில்லை. கட்டி இருந்தது, போனது, ஆள் நன்றாக இருக்கிறார். அது என்ன கட்டி என்பது மட்டும் செய்தியில் இல்லை. அதைப் படித்துவிட்டு நிஜப் புற்றோடு ஆறு மாசம் கஷாயம் குடிக்கிறவர் திரும்பி வந்து குழுவில் எழுதுவதில்லை.

கதை சொல்பவர் பர்னியானாலும் அத்தையானாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: பயாப்ஸி ரிப்போர்ட் எங்கே? பர்னியிடம் அது இருக்க வாய்ப்பே இல்லை. அத்தையிடம் இருக்கலாம், கேட்டுப் பாருங்கள்.