கோணல் வாயும் எழில் வயலும்

“ஐயா, பிளாக் என்று பெயர் பூண்ட ஆங்கிலேயரின் பாட்டன் கறுத்த மேனியனா?” என்று வகுப்பில் ஒரு மாணவன் வினவினான். மற்றவர் நகைத்தனர். நானோ விடை அறியாது விழித்தேன். அந்த வினாவே என்னை ஆங்கிலக் குடிப்பெயர் அகராதிகளிடம் ஓட்டிற்று. ரீனி 1958-ல் வெளியிட்டதையும், ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழக அச்சகம் 2016-ல் நான்கு தொகுதிகளாக வெளியிட்டதையும் புரட்டினேன்.

நார்மானியர் 1066-ல் இங்கிலாந்தை வென்றனர். பின்வந்த நூற்றாண்டுகளில் நிலத்துக்கும் வரிக்கும் கணக்கெழுதியோர்க்கு ஒரு தொல்லை. ஊருக்கு ஊர் ஜான்கள். தெருவுக்குத் தெரு வில்லியம்கள்! எந்த ஜான்? செந்தலை ஜான், நெட்டை ஜான், குட்டை ஜான். ஊரார் வாயில் பிறந்த அடைமொழி ஏட்டில் ஏறிற்று. தந்தைக்கு இட்டது மைந்தனுக்கும் ஒட்டிற்று. 1400-ஐ ஒட்டி ஆங்கிலக் குடும்பங்களிற் பெரும்பாலானவை வழிவழிப் பெயர் பெற்றுவிட்டன. தொழிலும் ஊரும் தந்தை பெயரும் போலவே, உடலின் தோற்றமும் குடிப்பெயரின் ஊற்றாயிற்று.

ரீட் என்பது பெரும்பாலும் பழைய ஆங்கிலச் சிவப்பு. ரஸ்ஸல், பிரெஞ்சு மொழி தந்த சிவப்பு. கஃப், வேல்ஸ் மொழி தந்த சிவப்பு. செந்தலை ஒன்று; மொழியோ மூன்று! ஃபேர்ஃபாக்ஸ் என்னும் பெயரில் நரியைத் தேடாதீர். ‘அழகிய கூந்தல்’ என்பதே அதன் பொருள். கூந்தலைக் குறித்த அப்பழஞ்சொல் பேச்சில் மடிந்தது. பெயரில் மட்டும் மூச்சு விடுகிறது.

பிளாக்? கருமையைச் சொன்ன சொல் ஒன்றும், வெளிறிய நிறத்தைச் சொன்ன சொல் ஒன்றும் பழைய ஆங்கிலத்தில் அருகருகே ஒலித்தன, எழுத்தில் கலந்தன. பாட்டன் கறுத்தவனாகவும் இருக்கலாம், வெளுத்தவனாகவும் இருக்கலாம்! பெயரைக் கொண்டு குருதியின் நிறம் கூறுவோர் இதற்கு என்ன விடை வைத்திருக்கின்றனர்?

இனி, ஸ்காட்லாந்தின் காம்பெல் பெருங்குடியைப் பாருங்கள். கேலிக் மொழியில் ‘காம்’ கோணல், ‘பெயுல்’ வாய். முன்னோன் ஒருவனைக் கோணல் வாயன் என்றனர் ஊரார். வாய் கோணியதால் வாழ்வு கோணிற்றா? இல்லை, குடி கொழித்தது. கொழித்ததும் குலப்பெருமை பாடுவோர் வந்தனர். ‘டி காம்போ பெல்லோ’, அதாவது எழில் வயலிலிருந்து வந்த நார்மானியரின் வழியினர் என்று இலத்தீன் பட்டைப் போர்த்தினர்! ஆனால் 1263-ஆம் ஆண்டுக் கணக்கில் ஊரைச் சுட்டும் ‘டி’ இல்லை. ஏடு பேசிற்று, புனைவு நாணிற்று. ஆர்ம்ஸ்ட்ராங் குடியும் அத்தகையதே. வலிய கையன் என்று பொருள் தெளிவாக நிற்க, வீழ்ந்த மன்னனைத் தூக்கிக் குதிரையேற்றிய வீரனின் கதையைக் கட்டிவிட்டனர்.

பழம்பதிவுகளைச் சான்றாக அடுக்கிக் கட்டுக்கதையைக் களையும் இவ்வகராதிகளின் பணி பெரிது. எனினும் ஒரு குறை. ‘குட்டையன்’ என்று பொருள் எழுதிவிட்டால், படிப்பவன் குட்டையனையே காண்கிறான். நெட்டையனைக் கேலியாகக் குட்டையன் என்னும் வழக்கம் எந்த ஊரில் இல்லை? சொல்லின் வேரை அகராதி காட்டும். மனிதனின் மேனியைக் காட்டாது. இவ்வெச்சரிக்கை முன்னுரையோடு நில்லாமல், பக்கந்தோறும் ஒலித்திருக்க வேண்டும்.

மறுநாள் வகுப்பில் இவற்றைச் சொன்னேன். குருக்‌ஷாங்க் என்றால் வளைந்த காலன் என்றதும், கால் தாங்கி நடக்கும் ஒரு மாணவன் தலை கவிழ்ந்தான். அவனைத் தோழர்கள் எப்பெயரால் அழைக்கின்றனர் என்பது எனக்குத் தெரியும். “ஊரார் ஏளனம் அறுநூறு ஆண்டு வாழ்ந்திருக்கிறது. நீங்கள் இன்று இடும் பெயர் எத்தனை ஆண்டு வாழ வேண்டும்?” என்றேன். எவரும் நகைக்கவில்லை.

இளைஞர்களே! உயர்வென்று காட்டப்படும் குடிப்பெயரின் அடியில் கோணல் வாயும் வளைந்த காலும் கிடக்கின்றன. அவற்றில் இழிவு இல்லை. அவற்றை மறைக்கப் புனைந்த பொய்யில்தான் இழிவு.