காதில் விழுவதும் கேட்பதும்

சென்ற மாதம் ஏரியூரில் ஒரு நண்பர் வீட்டில் இரண்டு நாள் தங்கியிருந்தேன். பென்னாகரத்துக்குத் தெற்கே, மேட்டூர் நீர்த்தேக்கத்துக்குச் சமீபத்தில் இருக்கிற ஊர். நண்பர் ஓய்வு பெற்ற பள்ளிக்கூட வாத்தியார். போன வருஷம் மனைவியை இழந்தவர். மாலையில் நாகமரைத் துறைக்கு அழைத்துப் போனார். எதிரே அக்கரையில் பண்ணவாடி. 1934-இல் அணை கட்டி முடிந்தபோது முழுகிப்போன கோயிலின் நந்தியும், மாதா கோயில் கோபுரமும், தண்ணீர் வற்றினால் அந்தப் பக்கம் தலை காட்டும். அன்று தண்ணீர் நிறைய இருந்தது.

வாத்தியார் கரையில் உட்கார்ந்து விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். கண்ணுக்கு ஐந்து, தொடுவதற்கு நாலு, காதுக்கு மூன்று, மூக்குக்கு இரண்டு, நாக்குக்கு ஒன்று. மனசு நடந்து போனதிலும் வரப் போவதிலும் அலையாமல் இந்த நிமிஷத்தில் நிற்பதற்காக டாக்டர் சொல்லிக் கொடுத்தது என்றார். இன்று பல தேசங்களில் சொல்லித் தருகிற பயிற்சிதான். நானும் எண்ணினேன். தண்ணீர், பரிசல், கொக்கு, வலை, பாறை. ஐந்து ஆயிற்று. ஒன்றையாவது பார்த்தேனா என்றால் இல்லை. பெயரைச் சொன்னதும் கண் அடுத்ததற்குத் தாவிவிட்டது.

நம் கதைகளில் பாதிக்கு இதே வியாதிதான். மழை என்றால் மண் வாசனை. கிராமம் என்றால் மாட்டு மணி. ஐந்து புலனுக்கும் வரவு வைத்துக் கணக்கு எழுதிவிட்டு, அதை வர்ணனை என்கிறோம். என் நாவல்களிலும் இப்படிப் பக்கங்கள் உண்டு. மறுப்பதற்கில்லை.

இதற்கு நேர் எதிராக எனக்கு நினைவு வருவது தி. ஜானகிராமனின் ‘செய்தி’ என்ற கதை. ‘சிவப்பு ரிக்‌ஷா’ தொகுதியில் இருக்கிறது. மேல்நாட்டு ஸங்கீத கோஷ்டி ஒன்று வக்கீல் வீட்டில் நாதஸ்வரம் கேட்க வருகிறது. தலைவன் பெயர் பிலிப் போல்ஸ்கா. வித்வான் ‘சாந்தமு லேகா’ வாசிக்கிறார். நமக்கு ராகம் சாமா என்று தெரியும், பாட்டு தியாகராஜருடையது என்று தெரியும். தலையை ஆட்டிவிட்டுச் சும்மா இருந்துவிடுவோம். போல்ஸ்காவுக்கு ஒரு பெயரும் தெரியாது. ஆகவே அவனுக்குக் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை. வேறு எதுவும் வேண்டாம், அதையே திரும்ப வாசியுங்கள் என்கிறான். பாஷை தெரியாதவன், பாட்டிலுள்ள சாந்தியைக் கண்டுகொள்கிறான்.

தான் பெற்ற செய்தியை அவன் அத்தனை விரிவாக எடுத்துச் சொல்வது கொஞ்சம் அதிகம் என்பது என் அபிப்பிராயம். ஆனால் முடிவில் அவன் வித்வானின் விரல்களை வாங்கி முகர்ந்து முத்தமிடுகிறான். காதில் புகுந்தது மூக்குக்கும் உதட்டுக்கும் வந்துவிட்டது. அங்கே புலன் கதைக்கு அலங்காரமல்ல. கதையே அதன்மேல்தான் நிற்கிறது.

திரும்பும் வழியில் இதையெல்லாம் வாத்தியாரிடம் கொஞ்சம் உற்சாகமாகவே சொன்னேன். எண்ணுவது பார்ப்பதாகாது என்றும் சொல்லிவிட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“அதெல்லாம் கதை எழுதறவங்களுக்குங்க. எனக்கு ராத்திரி எட்டு மணியைத் தாண்டணும். அவ சாப்பிடக் கூப்பிடற நேரம் அது.”

எனக்குப் பதில் தோன்றவில்லை. முழுகுகிறவன் பிடித்துக்கொள்கிற கட்டையிடம் ரஸனை இருக்கிறதா என்று நான் விசாரித்திருக்கிறேன். அவருடைய எண்ணிக்கையை இனிமேல் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் பேனா பிடித்தவனுக்கு அந்தச் சலுகை கிடையாது. வாத்தியார் எண்ணுவது எட்டு மணியைத் தாண்ட. எழுதுகிறவன் தாண்டிப் போகக் கூடாது. எட்டு மணிக்கு அந்த வீட்டுச் சமையலறையில் யாரும் கூப்பிடாமல் இருப்பதைக் கேட்டாக வேண்டும். அன்றிரவு நான் அந்த வீட்டில்தான் இருந்தேன். கேட்டேன் என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை.