அரக்கனும் குழந்தையும்

1954 மார்ச்சு முதல் நாள், பிக்கினிப் பவளத்தீவில் அமெரிக்கா வெடிக்கச் செய்த ஹைட்ரஜன் குண்டின் நச்சுச் சாம்பல் ஜப்பானிய மீன்பிடிப் படகொன்றின் மீது படிந்தது. அவ்வாண்டு நவம்பரில் இசிரோ ஹோண்டா இயக்கிய 'காட்சில்லா' திரைப்படம் வெளிவந்தது. மக்களின் பேரச்சம் அதில் அரக்க விலங்காய் உருக்கொண்டது.

1966இல் மருசான் நிறுவனம் அவ்வரக்கனை மென்மையான வினைல் பொம்மையாக வார்த்தளித்தது. திரையில் நகரை மிதித்தழித்த விலங்கு, குழந்தையின் கைக்குள் அடங்கிற்று. அச்சத்தை விளையாட்டால் வெல்லச் செய்ததே இப்பொம்மையின் சிறப்பு.

இன்றைய சேகரிப்பாளர்களோ உறை பிரிக்காத பொம்மையையே பெரிதும் நாடுகின்றனர். பழம்பொருளைக் காத்தல் நற்பணியே. ஆயினும், பிஞ்சுக் கைகள் பட்டு வண்ணந் தேய்ந்த பொம்மையன்றோ தன் பிறவிப் பயனை எய்தியது? விலை கூறுவோர் இதனையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.